கை போன்ற கிழங்கு: சாலம்பஞ்சா பற்றித் தெரிந்தவர்கள் உண்டா?

ஒற்றையடிப்பாதை | ஆகஸ்ட் 3, இரவு 9.40

ஜூலை கடைசி வாரம் உத்தராகண்டில் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தேன். பயணக் கட்டுரை எழுதும் எண்ணமில்லை. இந்தப் பகுதியில் ஏற்கெனவே பத்து இருக்கிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும்.

பள்ளத்தாக்குக்குள் ஈரமான சரிவு ஒன்றில், முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஒரு பூக்கதிர் நின்றது. ஒவ்வொரு பூவின் உதட்டிலும் மை தெறித்ததுபோலப் புள்ளிகள். வழிகாட்டியாக வந்த பையன் "ஹத்தாஜடி" என்றான். "தொடாதீர்கள், படம் மட்டும் எடுங்கள்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் ஜோஷிமட்டுக்கு மேலே ஒரு கிராமத்தில் இரண்டு நாள் தங்கினோம். என் மனைவிக்கு மலைக்காய்ச்சல்போல உடல் முழுவதும் வலி. வீட்டுப் பாட்டி ஒரு தகர டப்பாவைத் திறந்து, சுக்கைவிடக் கடினமான, மங்கிய மஞ்சள் நிறத்தில் ஒன்றை எடுத்தார். அந்தப் பூச்செடியின் கிழங்குதான், சாலம்பஞ்சா என்றார். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. குழந்தையின் உள்ளங்கையும் நான்கு விரல்களும் அப்படியே இருந்தன. ஒரு விரலின் நுனியைக் கல்லில் உரைத்து, அந்த விழுதைச் சூடான பாலில் கலக்கிக் கொடுத்தார். எனக்கும் அரை டம்ளர் கிடைத்தது. வாசனை என்று பெரிதாக ஒன்றுமில்லை, லேசான இனிப்பு. ஆனால் பால் ஜவ்வரிசிக் கஞ்சிபோலக் கெட்டியாகிவிட்டது. ஒரு விரல் நுனிதான் உரைத்தார், நம்பவே முடியவில்லை.

கிளம்பும்போது அந்தக் கையை என் மனைவியிடமே கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "இது சாலாமிசிரி மாதிரி இருக்கிறதே, பிள்ளை பெற்றவளுக்கு லேகியத்தில் போடுவோமே" என்கிறார். இரண்டும் ஒன்றா?

கடைவீதி | ஆகஸ்ட் 3, இரவு 10.55

எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம். உங்கள் அம்மா சொன்னது முக்கால்வாசி சரி.

உங்களிடம் இருப்பது சாலம்பஞ்சா. பஞ்சா என்றால் கை. நாங்கள் சாலாமிசிரி என்று விற்பது உருண்டையாக, கொட்டைப்பாக்கில் பாதி அளவு, சுருங்கிக் கொம்புபோல இருக்கும். இரண்டும் ஆர்க்கிட் கிழங்குதான்; செடி வேறு. மிசிரி என்பதைக் கற்கண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. மிஸ்ர் என்றால் அரபியில் எகிப்து, சாலப் என்பது இந்தக் கிழங்கின் பெயர். "எகிப்துச் சாலப்" என்பதுதான் நம் வாயில் சாலாமிசிரி ஆயிற்று. தாத்தா இதைச் சொல்லாத நாளே கிடையாது.

சந்தையில் இந்தப் பெயரில் வருவதெல்லாம் ஒரே பொருள் என்று நினைக்காதீர்கள். யூலோபியா என்ற தரை ஆர்க்கிட் கிழங்கும் இதே பெயரில் வரும். இரண்டிலும் சேராத கிழங்குகளும் வரும். எங்களிடம் ஒரு சோதனை உண்டு: ஒரு சிட்டிகைப் பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் தூவிக் கலக்க வேண்டும். நல்ல சரக்கு என்றால் சற்று நேரத்தில் வெண்டைக்காய் வழவழப்பு வரும். மாவுக் கிழங்கு என்றால் அடியில் தங்கிவிடும்.

மகரந்தம் | ஆகஸ்ட் 4, காலை 6.15

கடைவீதி சார், உங்கள் சோதனையில் கொத்தவரை இனத்துக் கோந்துப் பொடியும் தேறிவிடும். ஏமாற்றுகிறவனுக்கு அது தெரியாதா?

ஒற்றையடிப்பாதை, நீங்கள் பார்த்த செடிக்குத் தாவரவியல் பெயர் டாக்டிலோரைசா ஹடகிரியா. கிரேக்கத்தில் டாக்டிலோஸ் விரல், ரைசா வேர். 1825இல் டேவிட் டான் இதற்குப் பெயர் வைத்தபோதே மலைமக்கள் சொன்ன பெயரைத்தான் லத்தீனில் எழுதினார். நேபாளத்தில் பாஞ்சௌன்லே, அதாவது ஐந்து விரல். எந்த மொழிக்காரன் தோண்டிப் பார்த்தாலும் கைதான் கண்ணில் பட்டிருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். இந்தச் செடியைப் பூக்கும் காலத்தில் தோண்டினால் ஒரு கை அல்ல, இரண்டு கைகள் இருக்கும். ஒன்று கருத்து, தளர்ந்து, சுருங்கத் தொடங்கியிருக்கும். அது போன வருடத்துக் கை. அதிலிருந்த சேமிப்பைச் செலவழித்துத்தான் இந்த வருடத் தண்டும் இலையும் பூவும் வந்தன. பக்கத்தில் வெள்ளையாக, கெட்டியாக இன்னொன்று. கோடை முழுவதும் இலை சமைத்த உணவை அதில்தான் செடி சேர்த்து வைக்கிறது. பனி விழுந்ததும் மேலே எல்லாம் அழுகிவிடும். வெள்ளைக் கை மட்டும் மண்ணுக்குள் ஆறேழு மாதம் படுத்திருந்து அடுத்த வருடம் எழும்.

தோண்டுகிறவர்கள் எதை எடுப்பார்கள்? சுருங்கியதை யாரும் எடுப்பதில்லை. வெள்ளையைத்தான் எடுப்பார்கள். அதனால் "ஒரு கிழங்குதானே எடுத்தோம், ஒன்றை விட்டுவிட்டோமே" என்று சொல்வதில் பொருளில்லை. விட்டது பிணம். எடுத்ததுதான் செடி.

சமையல்கட்டு | ஆகஸ்ட் 4, காலை 8.30

மகரந்தம் அக்கா காலையிலேயே பிணம் என்று தொடங்கிவிட்டார். நான் சாப்பாட்டுப் பக்கம் வருகிறேன்.

பால் கெட்டியானதற்குக் காரணம் குளுக்கோமன்னன் என்ற நார்ச்சத்து. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். துருக்கியில் இதே இனத்து ஆர்க்கிட் கிழங்குகளை வைத்துத்தான் சாலெப் என்ற பானம் செய்கிறார்கள். குளிர்காலத்தில் சூடான பாலில் கரைத்து மேலே பட்டைத்தூள் தூவித் தருவார்கள். நான் இஸ்தான்புல்லில் குடித்திருக்கிறேன், ஆனால் அது அசலா என்று சத்தியம் செய்ய மாட்டேன். பாக்கெட்டில் வரும் பெரும்பாலானவை சோள மாவும் வாசனையும்தான்.

இதன் உச்சம் மராஷ் ஐஸ்கிரீம். டாரஸ் மலைத்தொடரை ஒட்டிய கஹ்ரமன்மராஷ் ஊரின் பெயர் அது. ஆட்டுப்பால், சர்க்கரை, சாலெப். நீண்ட இரும்புக் கோலால் இடித்து இழுத்துப் பிசைவார்கள். கறிக்கடையில் தொடை தொங்குவதுபோலக் கொக்கியில் தொங்கவிடுவார்கள், உருகி ஒழுகாது. தட்டில் வைத்துக் கத்தியால் அறுத்துச் சாப்பிட வேண்டும். சென்னை வணிக வளாகங்களில் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கோனை நீட்டி நீட்டிப் பிடுங்குகிறாரே ஒருவர், அவருடைய விளையாட்டு எல்லாம் அந்த இழுவையை நம்பித்தான். ஆனால் அவர் கையில் இருப்பது ஆர்க்கிட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு கிலோ சாலெப் மாவுக்கு ஆயிரத்திலிருந்து நான்காயிரம் கிழங்குகள் வேண்டும். துருக்கியே அசல் மாவை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதித்திருக்கிறது.

காப்பியும் தேநீரும் மலிவாவதற்கு முன் லண்டன் தெருக்களில்கூட சாலூப் என்று இதை ஊற்றி விற்றிருக்கிறார்கள்.

வேகவைத்தமுட்டை | ஆகஸ்ட் 4, பகல் 1.05

ஆண்மைக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? கிலோ என்ன விலை? கூரியரில் வருமா?

மகரந்தம் | ஆகஸ்ட் 4, மாலை 5.50

இந்தக் கேள்வி வர பதினைந்து மணி நேரம் ஆயிற்று. நான் மூன்று மணி நேரத்தில் எதிர்பார்த்தேன்.

தம்பி, ஆர்க்கிட் என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் விரை என்றுதான் பொருள். சில இனங்களின் இரட்டைக் கிழங்கைப் பார்த்து வைத்த பெயர். அரபியில் சாலப் என்ற பெயரை "நரியின் விரை" என்ற சொற்றொடரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். உருவத்தைப் பார்த்துப் பெயர் வந்தது. பெயரை வைத்து மருந்து வந்தது. மருந்தை வைத்து விலை வந்தது. இதில் கிழங்கின் பங்கு ஒன்றுமில்லை. அதில் இருப்பது மாவும் வழவழப்பும்.

கடைவீதி | ஆகஸ்ட் 4, இரவு 10.20

அம்மா, அதை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. வயிற்றுப்போக்கில் ஓய்ந்தவர்களுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் கஞ்சியாகக் கொடுத்துத் தேறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடலுக்கு இதமாக இருக்கும், வயிறு நிறையும். ஆண்மை, வீரியம் என்று பெட்டியில் படம் போட்டு விற்பவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் சின்ன வயதில் சாலாமிசிரிக்கு என்று தனி மர டிராயர் இருந்தது. இப்போது அந்த டிராயரில் ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறோம். கேட்டு வருகிறவர்களுக்குப் பூனைக்காலி விதையோ அமுக்கராவோ கொடுத்து அனுப்புகிறேன். கடைசியாக வந்த சரக்கில் நூறு கிராமுக்கு எத்தனை உருப்படி என்று ஒரு மழை நாளில் எண்ணிப் பார்த்தேன். எல்லாம் பட்டாணி அளவு. பெரிதாக வளர விடாமலே பிடுங்கியிருக்கிறார்கள் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

அதற்காக மலையில் தோண்டுகிறவனைத் திருடன் என்றும் சொல்ல மாட்டேன். அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

ஒற்றையடிப்பாதை | ஆகஸ்ட் 5, காலை 7.10

கடைவீதி ஐயா சொன்னதை ஒட்டி ஒன்று. பாட்டியிடம் எப்போது தோண்டுவீர்கள் என்று பேரன் மூலம் கேட்டேன். நந்தாஷ்டமிக்கு முன்னால் மேல் புல்வெளியில் கை வைக்கக் கூடாதாம். அது ஆவணி, புரட்டாசிக் கணக்கில் வரும் நந்தாதேவி திருவிழா. சத்தம் போட்டுப் பேசக்கூடக் கூடாது என்பாராம் அவருடைய மாமியார். அதற்குள் செடி காய்த்து, விதை சிந்தி, இலை பழுத்துவிடும். இதைச் சாமி பெயரில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது யார் அதைப் பார்க்கிறார்கள் என்று பேரன் சிரித்தான். மே மாதம் கீடா ஜடி (புழுவின் உடலில் வளரும் மருந்துப் பூஞ்சை) எடுக்கக் கூடாரத்தோடு மேலே போகிறவர்கள், கண்ணில் பட்டதையெல்லாம் கிளறிக்கொண்டு வருகிறார்களாம்.

மகரந்தம் | ஆகஸ்ட் 5, இரவு 8.45

அந்தப் பாட்டியின் மாமியாருக்கு என் வணக்கம். ஆனால் விதை சிந்தினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கேதான் சிக்கல்.

ஆர்க்கிட் விதையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தாலும் விதை என்று தோன்றாது. காய்ந்த காயை வெள்ளைத் தாளில் தட்டினால் முகப்பவுடர்போல விழும், மூச்சு விட்டால் பறந்துவிடும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நெல்லுக்குள் அரிசி இருக்கிறது, அவரைக்குள் பருப்பு இருக்கிறது. முளை எழும்வரை அதைத் தின்று பிழைக்கும். ஆர்க்கிட் விதைக்குள் அப்படிக் கட்டுச்சோறு கிடையாது. மண்ணிலிருக்கும் குறிப்பிட்ட பூஞ்சை இழை ஒன்று விதைக்குள் புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாத இடத்தில் விழுந்தால் தூசிதான். முளைத்த பிறகும் பூக்கப் பல வருடம் ஆகும்.

போதாக்குறைக்கு இந்தப் பேரினத்துப் பூக்களில் பெரும்பாலும் தேனே இருக்காது. வண்டை ஏமாற்றித்தான் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. ஏமாந்த வண்டு இரண்டாம் முறை வராது. எல்லாப் பூவும் காயாகாது. இப்படி அங்குலம் அங்குலமாக வளர்கிற ஒன்றை மண்வெட்டியின் வேகத்தில் எடுத்தால் என்ன ஆகும்?

நேபாள அரசு பாஞ்சௌன்லே சேகரிப்பையும் விற்பனையையும் தடை செய்திருக்கிறது. உலக அளவில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே, அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதை ஒழுங்குபடுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. உத்தராகண்டின் கர்வால் பகுதியில் ஸ்ரீநகரிலுள்ள உயர்மலைத் தாவர ஆய்வு மையம் இதுபோன்ற மலை மூலிகைகளை வயலில் வளர்க்கப் பல காலமாக உழைக்கிறது. மலைக்காரருக்கு அடுப்பு எரிய வேண்டும் என்று கடைவீதி சார் சொன்னதற்கு எனக்குத் தெரிந்த விடை அந்த வயல்தான். ஆனால் அது வருடக்கணக்கில் பொறுக்கச் சொல்லும் பயிர்.

லுசாகாவாசி | ஆகஸ்ட் 6, அதிகாலை 2.30

இந்த இழையைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. ஜாம்பியாவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இங்கே ஆர்க்கிட் கிழங்கு மருந்து அல்ல, சாப்பாடு.

பெயர் சிகண்டா. முதலில் பெம்பா மக்களின் வீட்டுப் பண்டம், இப்போது தலைநகர் லுசாகாவின் சந்தையில் எல்லோருக்கும். என் அலுவலகத்தில் சமைக்கும் அம்மாள் செய்வதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். காய்ந்த கிழங்கை இடித்துச் சலித்த பொடி ஒரு கிண்ணம், வேர்க்கடலையை இடித்த பொடி அதைவிடக் கூடுதல். கடலைப்பொடியை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொதிக்கவிட்டு, கிழங்குப் பொடியைத் தூவிக்கொண்டே மரக் கரண்டியால் கிண்டினார். கேழ்வரகுக் களி கிண்டுவதுபோலத்தான், கை வலிக்கும். ஒரு சிட்டிகைச் சோடா உப்பு. சட்டென்று ஒரு கணத்தில் எல்லாம் திரண்டு பாத்திரத்தின் ஓரத்தை விட்டு வந்துவிட்டது. அப்புறம் மூடி, மூடிமேல் தணல் போட்டு வேகவிட்டார். ஆறியதும் அல்வாபோலத் துண்டு போட்டார்.

நிறம் பழுப்பு, வெட்டினால் இறைச்சி போலவே. இங்கே இதை "ஆப்பிரிக்கப் பொலோனி" என்பார்கள். பொலோனி என்பது ஒரு வகைக் கொத்துக்கறிச் சுருள். நான் சைவம். முதல் துண்டை வாயில் வைத்ததும் ஏமாற்றிவிட்டார்களோ என்று பயந்து துப்பப் பார்த்தேன். மண்வாசனையும் கடலை வாசனையுமாக, ரப்பர்போல மெல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் துண்டை நானே கேட்டு வாங்கினேன்.

இந்தக் கிழங்கு வரும் கதைதான் உங்கள் கதை. ஜாம்பியாவின் புல்வெளிகளில் தீர்ந்துபோய், தான்சானியாவின் தெற்கு மலைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. அங்கே கிட்டுலோ என்ற பீடபூமி, சுமார் 2,600 மீட்டர் உயரம். உள்ளூர்க்காரர்கள் "கடவுளின் தோட்டம்" என்பார்கள். 2005இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஆப்பிரிக்காவில் யானைக்கும் சிங்கத்துக்கும்தானே பூங்கா, இது பூவுக்காக. அதற்குக் காரணங்களில் ஒன்று இந்தக் கிழங்கு வியாபாரம். அங்கே தோண்டப்படுபவை டீசா, ஹபனேரியா, சத்தீரியம் என்ற இனங்கள்.

நானும் தின்றவன்தான். மகரந்தம் அம்மா திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

மகரந்தம் | ஆகஸ்ட் 6, காலை 6.40

திட்டவில்லை. செய்முறையை எழுதியதற்கு நன்றி. இதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

பழையவாத்தியார் | ஆகஸ்ட் 6, காலை 11.15

எண்பதுகளின் கடைசியில் பூட்டானில் ஆசிரியராக இருந்தேன். அப்போது நம் ஊரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நிறையப் பேர் அங்கே போனோம். மார்ச், ஏப்ரலில் சந்தைக்குப் போனால் பச்சைக் கொத்தாக ஒன்று கீரைக்குப் பக்கத்தில் இருக்கும். ஒலாசோட்டோ. சிம்பிடியம் என்ற ஆர்க்கிட்டின் பூவும் மொட்டும். மரக்கிளைகளில் தொற்றி வளர்வது. எங்கள் வீட்டுக்காரப் பெண்மணி அதைப் பச்சை மிளகாய், பாலாடைக்கட்டி போட்டுக் குழம்பாக வைப்பார். கசப்பு, நம் பாகற்காய் போல. முதலில் முகம் சுளித்தேன், போகப்போகப் பழகிவிட்டது.

சொல்ல வந்தது இதுதான்: அங்கே பூவைத் தின்றார்கள், செடி மரத்திலேயே இருந்தது. அடுத்த வருடமும் அதே மரத்தடிக்குப் போனார்கள்.

மகரந்தம் | ஆகஸ்ட் 6, பகல் 12.30

ஐயா, நல்ல வேறுபாடு. எல்லாப் பூவையும் பறித்தால் விதைக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதை மட்டும் ஓரமாகச் சொல்லி வைக்கிறேன். ஆனாலும் கிழங்கோடு ஒப்பிட்டால் இது வாடகை வாங்குவது. அது வீட்டையே விற்பது.

கொடைமேகம் | ஆகஸ்ட் 7, இரவு 9.00

லுசாகாவாசி எழுதியதில் சத்தீரியம் என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது எங்கள் மலையிலும் இருக்கிறது.

சத்தீரியம் நேபாளன்ஸ். இமயமலையில் ஒரு கூட்டம், அப்புறம் இடையில் இத்தனை பெரிய சமவெளி, அப்புறம் நீலகிரியிலும் பழனி மலையிலும் இலங்கை மலைகளிலும் ஒரு கூட்டம். மழைக்குப் பிறகு உயரத்துப் புல்வெளியில் இளஞ்சிவப்புக் கதிராக நிற்கும். அடையாளம் சுலபம்: ஒவ்வொரு பூவின் பின்னாலும் மெல்லிய வால் இரண்டு. பெரும்பாலான ஆர்க்கிட்டுக்கு ஒரு வால்தான். கிட்டப் போய் முகர்ந்தால் இனிய வாசனை. இதன் கிழங்கை நேபாளப் பக்கம் சாப்பிடுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் பக்கம் தோண்டித் தின்றதாக நான் யாரிடமும் கேட்டதில்லை.

இங்கே இதை அழித்தது வாய் அல்ல, மரம். புல்வெளியைத் "தரிசு" என்று எழுதி வைத்துச் சீகை (வாட்டில்) மரத்தையும் தைலமரத்தையும் பைனையும் நட்டார்கள். என் அப்பா காட்டிய மூன்று சரிவுகளில் இரண்டில் இப்போது சீகைக் காடு. நிழலில் புல்லே இல்லை, பிறகு ஆர்க்கிட் எங்கே?

கடைவீதி | ஆகஸ்ட் 7, இரவு 10.10

மரம் நட்டுச் செடியை அழிப்பது எனக்குப் புதுச் செய்தி. மரம் என்றால் நல்லதுதானே என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கொடைமேகம் | ஆகஸ்ட் 7, இரவு 10.25

நாங்களும்தான் ஐயா. பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப்போய் நட வைத்தார்கள். நானே நட்டிருக்கிறேன்.

வேகவைத்தமுட்டை | ஆகஸ்ட் 8, காலை 9.30

விலை யாரும் சொல்லவில்லையே.

சமையல்கட்டு | ஆகஸ்ட் 8, காலை 9.34

தம்பி, உங்களுக்கு வேண்டிய வழவழப்பு வெண்டைக்காயில் இருக்கிறது. விலையும் மலிவு.

ஒற்றையடிப்பாதை | ஆகஸ்ட் 16, இரவு 8.20

ஒரு வாரமாக இந்தக் கிழங்கை மேசையில் வைத்துக்கொண்டு விழித்தேன். எல்லோரும் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். நேற்று பாட்டியின் பேரனைத் தொலைபேசியில் பிடித்து, அந்தக் கை எப்போது தோண்டியது என்று கேட்டேன். அவன் பாட்டியிடம் கேட்டுவிட்டுச் சொன்னான்: அவருடைய கணவர் இருந்தபோது கொண்டுவந்ததாம். கணவர் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. டப்பாவில் இரண்டுதான் மிஞ்சியிருந்ததாம். பேரன் பிறந்ததிலிருந்து வீட்டில் யாரும் புதிதாகக் கொண்டுவரவில்லை. அதில் ஒன்றைத்தான் எங்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் மகளுக்கு நான்கு வயது. அதன்மேல் தன் கையை வைத்து அளந்து பார்த்தாள். அவளுடைய விரல்கள்தான் சற்று நீளம். அம்மா லேகியத்துக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. உரைத்த விரலின் நுனி மட்டும் கண்ணாடிபோலப் பளபளக்கிறது. மற்ற இடமெல்லாம் சுருக்கம்.

மகரந்தம் அக்கா, இதை நட்டால் முளைக்குமா? சிரிக்காதீர்கள்.

மகரந்தம் | ஆகஸ்ட் 16, இரவு 9.05

சிரிக்கவில்லை. முளைக்காது. காய வைப்பதற்கு முன் கொதிநீரில் முக்கி எடுப்பார்கள், முளை செத்துப்போக வேண்டும் என்பதற்காகவே. அந்தக் கண்ணாடிப் பளபளப்பும் அதனால் வந்ததுதான். பூச்சி பிடிக்காமல் ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு வையுங்கள்.

ஒற்றையடிப்பாதை | ஆகஸ்ட் 16, இரவு 9.20

சரி. கொடைமேகம் அண்ணா, அந்த மூன்றாவது சரிவில் சத்தீரியம் இந்த வருடம் பூக்குமா? மகளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று பார்க்கிறேன். இடம் எங்கே?

கொடைமேகம் | ஆகஸ்ட் 17, காலை 6.00

மழை ஒழுங்காகப் பெய்தால் செப்டம்பர் பாதிக்கு மேல் வாருங்கள். இடத்தை இங்கே எழுத மாட்டேன், தனிமடலில் வாருங்கள். சோலைக்குள் புகுந்துதான் போக வேண்டும். குழந்தைக்குக் கால்வரை மூடிய சட்டை போடுங்கள், அட்டைக்கு உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள்.